சாங்குவின் என்றால் நம்பிக்கை, சாங்குவினரி என்றால் ரத்தவெறி: இரண்டுக்கும் வேர் ரத்தம்தானே, எப்படி?

#1 வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படித்து, தெரியாத சொற்களை நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். இந்த வாரம் பொருளாதாரம் பற்றிய தலையங்கம் ஒன்றில் 'சாங்குவின்' என்று வந்தது. அகராதியில் "நல்லதே நடக்கும் என்ற நம்பிக்கை கொண்ட" என்று பொருள். அதற்குப் பக்கத்திலேயே 'சாங்குவினரி'. அதற்கு "ரத்தவெறி பிடித்த, ரத்தக்களரியான" என்று பொருள். இரண்டுக்குமே வேர், ரத்தத்தைக் குறிக்கும் 'சாங்குயிஸ்' என்ற லத்தீன் சொல்லாம்.

மனப்பாடம் செய்துவிடலாம்தான். ஆனால் காரணம் தெரிந்தால் மறக்காது. இன்னொரு சந்தேகமும் உண்டு. ஆங்கிலத்துக்கு 'ப்ளட்' என்று சொந்தச் சொல் இருக்கிறது. அப்புறம் ஆஸ்பத்திரியில் 'ஹீமோ' என்று ஒன்று, தலையங்கத்தில் 'சாங்குவி' என்று ஒன்று எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

#2 ஓய்வுபெற்ற வாத்தியார்

நல்ல கேள்வி அம்மா. விடை பழைய மருத்துவத்தில் இருக்கிறது.

உடம்பில் ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்மங்கள் ஓடுவதாகக் கிரேக்க வைத்தியர்கள் நம்பினார்கள். ஹிப்போக்ரடீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் இந்தக் கருத்து இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கேலன் அதை விரித்து எழுதினார். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் அதுதான் பாடம். நான்கும் அளவாக இருந்தால் ஆரோக்கியம். ஒன்று தூக்கலாக இருந்தால் அதுவே அந்த ஆளின் சுபாவம். ரத்தம் தூக்கலாக இருப்பவன் கன்னம் சிவந்து, கலகலப்பாக, எதையும் "நடந்துவிடும்" என்று எடுத்துக்கொள்வான். அவன்தான் சாங்குவின். சளி தூக்கல் என்றால் ஃப்ளெக்மேட்டிக், எதற்கும் அசைந்து கொடுக்காதவன். மஞ்சள் பித்தம் ஏறினால் கோலரிக், முன்கோபி. கரும்பித்தக்காரன் மெலங்கோலிக், எப்போதும் சோர்ந்து கிடப்பவன். கிரேக்கத்தில் 'மெலாஸ்' கருப்பு, 'கோலே' பித்தம்.

1628-ல் வில்லியம் ஹார்வி, இதயத்திலிருந்து புறப்படும் ரத்தம் உடலைச் சுற்றி மறுபடி இதயத்துக்கே வருகிறது என்று எழுதினார். பழைய வைத்தியம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. சொற்கள் மட்டும் நின்றுவிட்டன. 'ஹ்யூமர்' என்ற சொல்லே முதலில் நீர்மம் என்ற பொருளில்தான் இருந்தது. பிறகு சுபாவம், பிறகு மனநிலை, கடைசியில் நகைச்சுவை என்று வந்து சேர்ந்தது.

சாங்குவினரி இந்தச் சுற்றுவழியில் போகவில்லை. 'ரத்தம் சார்ந்த' என்ற லத்தீன் பொருளோடு நேராக வந்து, போரையும் தண்டனையையும் பற்றி எழுதுகிறவர்கள் கையில் தங்கிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சில்லறைத் திருட்டுக்குக்கூடத் தூக்கு விதித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 200-க்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை இருந்தது. அத்தகைய சட்டங்களை அந்தக் காலத்தவர் சாங்குவினரி என்றே குறித்தார்கள். இன்றைய வரலாற்றாசிரியர்கள் அதையே 'ப்ளடி கோட்', அதாவது ரத்தச் சட்டத்தொகுப்பு, என்கிறார்கள்.

நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? சித்த மருத்துவத்தின் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் ரத்தம் இல்லை. செந்நீர் என்ற பெயரில் ஏழு உடல் தாதுக்களில் ஒன்றாக வருகிறது. அதனால் தமிழில் பித்தத்துக்கு ஒரு சுபாவம் கிடைத்தது. ரத்தத்துக்கு அப்படிக் கிடைக்கவில்லை.

#3 சோதனைக்குழாய்

வாத்தியார் ஐயா முதல் பாதியைச் சொல்லிவிட்டார்கள். 'ஹீமோ' எங்கள் இடம். நான் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன்.

கிரேக்கத்தில் ரத்தத்துக்கு 'ஹைமா'. அனீமியா என்றால் ரத்தம் இல்லாமை, நம் ரத்தசோகை. ஹெமரேஜ் ரத்தம் பீறிட்டு ஒழுகுவது. லுக்கீமியா வெள்ளை ரத்தம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் விர்ச்சோ என்ற ஜெர்மானிய மருத்துவர் வைத்த பெயர் அது. வெள்ளணுக்கள் மிதமிஞ்சிப் பெருகியிருப்பதைப் பார்த்து வைத்தார். சொல்லின் கடைசியில் '-ஈமியா' என்று வந்தால் அது ரத்தத்தில் உள்ள நிலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். யுரீமியா, செப்டிசீமியா, ஹைபர்கிளைசீமியா எல்லாமே அப்படித்தான்.

ரத்தத்தோடு கூடவே வரும் இரண்டு சொற்களையும் சொல்லிவிடுகிறேன், தேர்வில் கேட்பார்கள். சீரம், பிளாஸ்மா. காலையில் ரத்தம் எடுக்கும்போது கவனித்திருப்பீர்கள், ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம், சிவப்பு மூடியில் கொஞ்சம், சில சமயம் வெளிர்நீல மூடியிலும் எடுப்போம். ஊதாவில் உறையாமல் இருக்க மருந்து உண்டு. அணுக்களை எண்ண அந்த ரத்தம் முழுதாக வேண்டும். சிவப்பு மூடியை அப்படியே உறைய விட்டு, அப்புறம் சுழற்றும் இயந்திரத்தில் வைப்போம். அடியில் கருஞ்சிவப்பாகக் கட்டி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு நிற்கும். அந்தத் தெளிவுதான் சீரம். லத்தீனில் 'சீரம்' என்றால் பால் திரிந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீர். வெளிர்நீல மூடியில் உறையவிடாமல் பிரித்து எடுப்பது பிளாஸ்மா. உறைவதற்கு வேண்டிய புரதம் அதில் மிச்சம் இருக்கும், சீரத்தில் இருக்காது. பிளாஸ்மா என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'உருவாக்கி வார்த்தது' என்று பொருள். ரத்தத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் பிறப்பில் சம்பந்தமே இல்லை.

சீரம் செக்கச்செவேல் என்று வந்தால் 'ஹீமோலைஸ்டு' என்று எழுதித் திருப்பி அனுப்புவோம். சிவப்பணு உடைந்து கலந்துவிட்டது என்று அர்த்தம். 'லைஸிஸ்' உடைவது. பொட்டாசியம் உண்மையில் உள்ளதைவிட ஏறிக் காட்டும். "திரும்பவும் ஊசியா" என்று குழந்தைகளின் அம்மாக்கள் கோபப்படுவது இந்தச் சொல்லால்தான்.

#4 சொல்வேட்டை

ஆக, சண்டைக்கும் சாதிசனத்துக்கும் ப்ளட், சுபாவத்துக்கு சாங்குவி, ஆஸ்பத்திரிக்கு ஹீமோ. இப்படிப் பிரித்துக்கொள்ளலாமா ஐயா?

#5 ஓய்வுபெற்ற வாத்தியார்

பெரும்பாலும் சரி, ஆனால் கோட்டைத் தாண்டும் இடங்கள்தான் சுவையானவை. பத்தாவது வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் விரும்பிச் சொல்லிக்கொடுத்த ஜோடி ஒன்று உண்டு. 'சாங்ஃப்ருவா' என்பது பிரெஞ்சிலிருந்து அப்படியே எடுத்த சொல். சாங் ரத்தம், ஃப்ருவா குளிர். தீப்பிடித்த வீட்டில் பதறாமல் பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவருபவனைச் சாங்ஃப்ருவா உள்ளவன் என்று பாராட்டுவார்கள். அதே இரண்டு சொற்களை ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கில் சொன்னால் 'கோல்ட் ப்ளட்'. அது கொலைகாரனுக்குப் போய்விடும். கொஞ்சமும் மனம் பதறாமல் கொன்றான் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே தொடரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலம் வந்த விருந்தாளிக்குப் புகழையும் வீட்டுப்பிள்ளைக்குப் பழியையும் கொடுத்தது.

ஆகவே இந்தச் சொற்களைப் படிக்கும்போது "பொருள் என்ன" என்று மட்டும் கேட்காதீர்கள். யார் வாயில், எந்த இடத்தில் வருகிறது என்று கேளுங்கள். அகராதி இரண்டுக்கும் 'ரத்தம்' என்றுதான் போடும்.

#6 நிலா மொழிபெயர்ப்பு

மொழிபெயர்ப்பு வேலையில் ஒவ்வொரு மாதமும் இந்த ரத்தத்தோடு மல்லுக்கட்டுகிறேன், அதனால் சேர்ந்துகொள்கிறேன்.

ரத்தம் கொதித்தால் ஆங்கிலத்தில் கோபம் மட்டும்தான். தமிழில் "ரத்தம் கொதிக்கிறது" என்றால் கோபம், "ரத்தக் கொதிப்பு" என்றால் பிரஷர். "அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு, மாத்திரை சாப்பிடுகிறார்" என்ற வரியை ஆங்கிலத்தில் கொண்டுபோகும் இளையவர்கள் பலர் அங்கே இடறுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கிருந்து அங்கே போகும்போது நோயாக எழுத வேண்டும்.

'பேட் ப்ளட்' இன்னொன்று. "கெட்ட ரத்தம்" என்று எழுதினால் நம் ஆள் சொறி சிரங்குக்கு மருந்து சொல்வார். இரண்டு குடும்பத்துக்கிடையே இருந்தால் தீராப் பகை, பேச்சுவார்த்தை இல்லாமை. 'நியூ ப்ளட்' மட்டும் தமிழுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. "கட்சிக்குப் புது ரத்தம் பாய்ச்ச வேண்டும்" என்று எல்லாப் பத்திரிகையும் எழுதுகிறது, யாருக்கும் நெருடுவதில்லை. 'இளரத்தம்' என்று ஏற்கெனவே நாம் சொல்லிக்கொண்டிருந்ததால் அது சுலபமாக ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, ரத்தம் தண்ணீரைவிடக் கெட்டியானது என்ற ஆங்கிலப் பழமொழி. உறவுதான் பெரிது என்கிறது. இதற்குத் தமிழில் இரண்டு இருக்கின்றன. "தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்." இங்கே ரத்தம் இல்லை, தசை. இன்னொன்று, "நீரடித்து நீர் விலகாது." இங்கே உறவே தண்ணீர்தான்! ஆங்கிலேயன் எந்தத் தண்ணீரை அந்நியன் என்று ஒதுக்கினானோ, நம் பாட்டிமார் அதையே அண்ணன் தம்பி என்று பார்த்தார்கள். கோலால் அடித்தால் ஒரு கணம் பிளக்கும், உடனே சேர்ந்துகொள்ளும். அந்த ஆங்கிலப் பழமொழி வரும் இடத்தில் "ரத்தம் தண்ணீரைவிட அடர்த்தியானது" என்று வசனம் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் இவ்வளவு அழகான சொல் கிடக்கிறதே!

#7 தாமிரபரணித் தம்பி

நிலா அக்கா, அந்தப் பழமொழியின் முழு வடிவமே வேறு என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். "உடன்படிக்கையின் ரத்தம் கருப்பையின் நீரைவிடக் கெட்டியானது" என்பதுதான் மூலமாம். அதாவது கூடப் பிறந்தவர்களைவிடச் சேர்ந்து போரிட்டவர்களே பெரிது. பிற்காலத்தில் வெட்டி, தலைகீழாக்கிவிட்டார்களாம். உண்மையா?

#8 ஓய்வுபெற்ற வாத்தியார்

இல்லை தம்பி. உறவே பெரிது என்ற வடிவம் 18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துப் பழமொழித் தொகுப்பிலேயே இருக்கிறது. நீங்கள் சொல்லும் 'முழு வடிவத்துக்கு' அப்படிப் பழைய சான்று எதுவும் கிடையாது. 20-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிலர் எழுதியதிலிருந்து இணையத்தில் பரவியது. நீளமாக இருப்பதாலேயே மூலம் என்று நம்பிவிடக் கூடாது. கருத்து உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், நட்பைப் போற்றுவது நல்லதுதான். பழமையை மட்டும் அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

#9 வேர்ச்சொல் வேலன்

நண்பர்களே, எல்லோரும் லத்தீன் கிரேக்கம் என்றே போகிறீர்கள். லத்தீனில் சிந்திய ரத்தத்துக்கு 'குருவோர்' என்று ஒரு சொல் உண்டு. நம் 'குருதி'யைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'குரூரம்', ஆங்கில 'க்ரூயல்' எல்லாம் அதே வரிசை. தமிழிலிருந்து போனது என்று ஏன் சொல்லக்கூடாது?

#10 சொல்வேட்டை

வேலன், குருவோர் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி மிக நல்ல செய்தி. க்ரூயல் அந்த வழியில் வந்ததுதான். லத்தீனில் குருவோர் சிந்திய, உறைந்த ரத்தம். உடம்புக்குள் ஓடுவது சாங்குயிஸ். ஒரே திரவத்துக்கு உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர். குருவோரின் பக்கத்தில் 'குரூதுஸ்' என்றால் பச்சையான, வேகாத. அதிலிருந்து 'க்ரூட்', சுத்திகரிக்காத எண்ணெய்க்குச் சொல்கிறோமே அது. அதிலிருந்தே க்ரூயல். ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான 'ரா' கூட இதே குடும்பம்தான், பழைய ஆங்கிலத்தில் அதன் முன்னால் ஒரு 'ஹ' இருந்தது. கிரேக்கத்தில் 'க்ரேயாஸ்' மாமிசம், கணையத்தின் பெயரான பான்க்ரியாஸில் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் 'க்ரவ்ய' பச்சை மாமிசம். லத்தீனில் 'க' இருக்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் 'ஹ' வருவது இந்த ஒரு சொல்லில் மட்டுமல்ல, பல சொற்களில் ஒழுங்காக நடக்கும். லத்தீனில் 'கோர்', ஆங்கிலத்தில் ஹார்ட். லத்தீனில் 'கென்டும்', ஆங்கிலத்தில் ஹண்ட்ரட்.

உறவு என்பது இப்படிச் சொல்லுக்குச் சொல் ஒழுங்காக வர வேண்டும். குருதிக்கும் குருவோருக்கும் 'குரு' என்ற ஓசை பொதுவாக இருப்பதைத் தவிர வேறு ஒழுங்கு இல்லை.

தமிழுக்கு உண்மையான உறவு வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் பாருங்கள். தெலுங்கில் ரத்தம் 'நெத்துரு', கன்னடத்தில் 'நெத்தரு'. நம் பழைய இலக்கியத்தில் 'நெய்த்தோர்' என்று இருக்கிறது. நாம் மறந்த சொல்லை அவர்கள் சந்தையிலும் சமையலறையிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மலையாளத்தின் 'சோர' நம் 'சோரி'. இந்த உறவை யாரும் மறுக்க முடியாது.

#11 வேர்ச்சொல் வேலன்

நெய்த்தோர் - நெத்துரு நான் அறியாத செய்தி, குறித்துக்கொண்டேன். குருதி பற்றி இன்னும் தேடுவேன். குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே காந்தளைக் 'குருதிப் பூ' என்று பாடிய மொழி இது. அங்கே ரத்தம் என்பதற்கு முன் சிவப்புதான் கண்ணில் படுகிறது.

#12 நிலா மொழிபெயர்ப்பு

அதைச் சொன்னீர்கள், நன்றி. 'ரத்தம்' என்ற சொல்லுக்கும் சமஸ்கிருதத்தில் 'நிறமேறியது, சிவந்தது' என்பதுதான் முதல் பொருள். செந்நீர் சொல்லவே வேண்டாம். இங்கே சுற்றிச் சுற்றி நிறத்தைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள்.

#13 ஈஸ்ட்ஹாம் பாலன்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது லண்டன். அகராதியில் இல்லாத பக்கத்தைக் கொஞ்சம் சொல்லுறேன்.

'ப்ளடி' என்ற சொல்லை ஊரில் கேட்டபோது அது பெரிய தூஷணம் என்று நினைத்திருந்தோம். படத்தில் போலீஸ் அதிகாரி "ப்ளடி ராஸ்கல்" என்றால் அடுத்தது அடிதான். இங்கே வந்தால் பக்கத்து வீட்டுக் கிழவி "ப்ளடி லவ்லி டே" என்று சிரித்துக்கொண்டு சொல்லுவா. 'மிகவும்' என்ற அளவுக்குத் தேய்ந்துபோய்விட்டது. அந்தத் தேய்மானத்துக்குக் காலம் எடுத்தது. 1914-ல் லண்டன் மேடையில் ஒரு நாடகத்தின் நாயகி இந்தச் சொல்லைச் சொன்னது ஊர் முழுக்கப் பேச்சாயிற்று. 2006-ல் அவுஸ்திரேலியச் சுற்றுலாத் துறையின் விளம்பரத்தில் வந்தபோதும் பிரிட்டன் தொலைக்காட்சியில் முதலில் மறித்துவிட்டு, பிறகுதான் விட்டார்கள். "எங்கள் மாதாவின் பேரால்" என்ற ஆணை சிதைந்து 'ப்ளடி' ஆனது என்று சிலர் சொல்லுவினம். சொல்லாராய்ச்சி செய்பவர்கள் அதை ஏற்பதில்லை. 17-ஆம் நூற்றாண்டிலேயே "நிறைவெறியில் இருந்தான்" என்பதற்கு ப்ளடி சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பணக்கார வீட்டு அடாவடிப் பெடியளுக்கு 'ப்ளட்ஸ்' என்று பெயர். அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து.

பேருந்தில் பள்ளிக்கூடப் பெடியள் ஒருவனை ஒருவன் 'ப்ளட்' என்று கூப்பிடுவதைக் கேட்கலாம். நம்மூர் 'மச்சான்' மாதிரி. ஜமேக்காவிலிருந்து வந்த சனத்தின் பேச்சில் இருந்து பரவியது. நம் தமிழ்ப் பெடியளும் கறுப்பினப் பெடியளும் வங்காளப் பெடியளும் ஒரே இருக்கையில் இருந்து அப்படிக் கதைக்கிறதைக் கேட்க எனக்குச் சந்தோஷம். ரத்த உறவு ஒன்றும் இல்லாதவனை ரத்தமே என்று அழைக்கிறான்.

தங்கச்சி வைகைக்கரை, உங்கள் நோட்டுக்கு இன்னொன்று. இங்கே ஆஸ்பத்திரியில் தாதிமார் "யுவர் ப்ளட்ஸ்" என்று பன்மையில் சொல்லுவினம். இலக்கணப் புத்தகம் ரத்தத்துக்குப் பன்மை இல்லை என்கிறது. இங்கே ப்ளட்ஸ் என்றால் ரத்தப் பரிசோதனைகள், அவ்வளவுதான்.

#14 வைகைக்கரை

பாலன் அண்ணா, ப்ளட்ஸ் பற்றி எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நன்றி.

ஒன்று மனசில் உறுத்துகிறது. பேருந்துப் பையன்களை விட்டுவிட்டால் ப்ளட் வரும் இடமெல்லாம் கொலை, பகை, வெறி, வசை. அந்தச் சொல்லிலிருந்து நல்லதாக ஒன்றுமே பிறக்கவில்லையா?

#15 ஓய்வுபெற்ற வாத்தியார்

பிறந்திருக்கிறது அம்மா. ஆங்கிலத்தின் மிக நல்ல சொற்களில் ஒன்று. 'ப்ளெஸ்', ஆசீர்வதித்தல்.

பழைய ஆங்கிலத்தில் அது 'ப்ளேட்சியன்'. இன்னும் பழைய வடிவத்தில் நடுவில் உள்ள 'ட்' மெலிந்து, ஆங்கில 'டி' (d) எழுத்தைப் போல ஒலித்தது. ரத்தம் அப்போது 'ப்ளோட்'. ரத்தத்தால் குறியிட்டுப் புனிதமாக்குவது என்பதே ப்ளெஸ்ஸின் முதல் பொருள் என்று பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. கிறித்தவம் வருவதற்கு முன் பலியிட்ட விலங்கின் ரத்தத்தைத் தெளிக்கும் வழக்கத்தோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். பிறகு லத்தீன் வேதநூலை மொழிபெயர்த்தபோது 'பெனெடிகெரே', அதாவது நல்வாக்குச் சொல்லுதல் என்பதற்கு இந்தச் சொல்லையே எடுத்தார்கள். வேறு ஜெர்மானிய மொழிகளில் இதற்கு இணையான சொல் இல்லை. ஜெர்மானியர்கள் லத்தீனின் 'சிக்னும்', அடையாளம் என்பதிலிருந்து 'ஸேக்னன்' என்று ஆக்கிக்கொண்டார்கள். தும்மினால் "ப்ளெஸ் யூ" என்கிறார்களே, அதற்குள் இந்த ரத்தம் இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 'கோர்' என்று ஒரு சொல், கட்டியான ரத்தக்களரிக்கு. பழைய ஆங்கிலத்தில் அது சாணம், அழுக்கு. 16-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் உறைந்த ரத்தம் என்ற பொருள் வந்தது. மாடு கொம்பால் குத்துவதற்கும் கோர் என்றே எழுதுவார்கள். அது 'ஈட்டி' என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது, இதற்கும் அதற்கும் உறவில்லை.

#16 பத்திர எழுத்தர்

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். எங்கள் தொழிலில் ப்ளட் என்ற சொல்லுக்குச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்திலும் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் மூன்று விதம் சொல்லியிருக்கிறது. ஒரே அப்பா, ஒரே அம்மாவுக்குப் பிறந்தவர்கள் ஃபுல் ப்ளட். அப்பா ஒருவர், அம்மா வேறு என்றால் ஹாஃப் ப்ளட். அம்மா ஒருவர், அப்பா வேறு என்றால் யூட்ரைன் ப்ளட், ஒருவயிற்றுப் பிள்ளைகள். உறவுமுறையின் மற்ற தன்மையெல்லாம் சமமாக இருந்தால் சொத்தில் முழு ரத்தத்துக்கு அரை ரத்தத்தைவிட முன்னுரிமை. "பெரியம்மா மகன், சின்னம்மா மகன் எல்லாரும் எங்க அப்பாவுக்குத்தானே பொறந்தோம்" என்று என் மேசைக்கு முன்னால் சண்டை நடக்கும். அப்பாவின் சொத்தில் அந்தப் பேச்சு சரி, சட்டப்படியான பிள்ளைகள் எல்லோரும் சமம். செத்துப்போன அண்ணனுக்குப் பெண்டாட்டி, பிள்ளை, பெற்றவர்கள் யாரும் இல்லாமல், அவன் சொத்து உடன்பிறந்தாருக்கு வரும்போதுதான் முழுசும் அரையும் எழுந்து நிற்கும்.

ஆனால் ஜனங்கள் "ரத்த உறவுக்கு செட்டில்மென்ட் எழுதணும்" என்று வருவது வேறு அர்த்தத்தில். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு, அதைச் சொல்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் மனைவியும் உண்டு. மனைவி எப்படி ரத்த உறவு என்று யாரும் கேட்பதில்லை.

தத்துப் பிள்ளை விஷயம் இன்னும் நுட்பம். தத்துக் கொடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்குப் பிறந்த வீட்டோடு உறவு அறுந்துவிடுகிறது, எல்லா வகையிலும் எடுத்த வீட்டுப் பிள்ளை. ஆனால் கல்யாணத்தில் சட்டம் பழைய ரத்தத்தை விடவில்லை. பிறந்த வீட்டில் இருந்திருந்தால் யாரைக் கட்டக்கூடாதோ, அவரைத் தத்துப் போன பிறகும் கட்ட முடியாது. 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

#17 சோதனைக்குழாய்

பத்திர அண்ணன் கல்யாணத்தைத் தொட்டதால் இன்னொரு சாங்குவி ஞாபகம் வருகிறது. 'கன்சாங்குவினிட்டி', ஒரே ரத்தம் உடைமை. கர்ப்பிணிகளின் அட்டையில் இந்தச் சொல் இருக்கும். நர்சம்மா அதை வாய்விட்டுப் படிக்க மாட்டார். "சொந்தத்துல கல்யாணமா? மாமாவா, அத்தை மகனா?" என்று கேட்டு, தானே நிரப்பிக்கொள்வார். சொல்வேட்டை பிரித்தபடி மருத்துவத்துக்கு ஹீமோ என்றாலும், உறவு என்று வந்ததும் லத்தீன் உள்ளே வந்துவிடுகிறது.

#18 தாமிரபரணித் தம்பி

'ப்ளூ ப்ளட்' மட்டும் விட்டுப்போச்சு. ராஜ வம்சத்துக்கு ஏன் நீல ரத்தம்?

#19 சொல்வேட்டை

ஸ்பெயினிலிருந்து வந்தது தம்பி. அங்கே 'சாங்க்ரே அசுல்' என்பார்கள். வெயிலில் வேலை செய்யாத வெள்ளைத் தோலில் நரம்பு நீலமாகத் தெரியும், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் மூர்கள் (முன்பு ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்கள்), யூதர்கள் கலப்பு இல்லை என்பதுதான் அந்தப் பெருமை. 1449-லேயே டொலேடோ நகரில், யூத மதத்திலிருந்து கிறித்தவத்துக்கு மாறியவர்களுக்கு நகரப் பதவிகள் கிடையாது என்று விதி போட்டார்கள். 'ரத்தத் தூய்மை' என்ற பெயரில் அது பிறகு ஸ்பெயின் முழுக்கப் பரவியது. மதம் மாறியவனையும் ரத்தத்தை வைத்துத் தள்ளி நிறுத்தினார்கள். ஆங்கிலத்துக்கு நீல ரத்தம் 19-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. பந்தயக் குதிரை வளர்ப்பவர்கள் 'ப்ளட்ஸ்டாக்' என்று சொல்வதும் இதே எண்ணத்தில்தான். குதிரைக்குச் சொன்னால் வியாபாரம். மனிதனுக்குச் சொல்லும்போது அது எங்கே போய் முடியும் என்று சாதி பார்க்கும் ஊரில் வாழும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

#20 வைகைக்கரை

சொல்வேட்டை அண்ணா, கடைசி வரியை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டு முடித்துக்கொள்கிறேன், இது உச்சரிப்பு. வகுப்பில் ஒரு தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கேட்டாள். ப்ளட், குட், சாப்பாட்டைக் குறிக்கும் ஃபூட் மூன்றிலும் நடுவில் ஒரே இரண்டு 'ஓ' எழுத்து. ஒன்றில் 'அ', ஒன்றில் 'உ', ஒன்றில் 'ஊ'. ஏன்?

#21 ஓய்வுபெற்ற வாத்தியார்

ஒரு காலத்தில் மூன்றுக்கும் ஒரே ஒலி அம்மா, நீண்ட 'ஓ'. ப்ளோட், கோட், ஃபோட் என்று நெடிலாகச் சொல்லிப் பாருங்கள். எழுத்து அந்தக் காலத்தில் உறைந்தது. 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் இடம்பெயரத் தொடங்கின. இந்த 'ஓ', 'ஊ' ஆயிற்று. அப்புறம் சில சொற்களில் அந்த 'ஊ' குறுகி 'உ' ஆனது, எல்லாம் ஒரே நேரத்தில் அல்ல. ப்ளட், ஃப்ளட் இரண்டும் முதலிலேயே குறுகிவிட்டன. 17-ஆம் நூற்றாண்டில் தெற்கு இங்கிலாந்தில் குறில் 'உ' பல சொற்களில் 'அ' போல மாறியபோது இவையும் கூடவே போய்விட்டன. குட், ஃபுட் என்ற கால், புக் எல்லாம் பிந்திக் குறுகின. அதற்குள் அந்த மாற்றம் நின்றுவிட்டதால் 'உ'விலேயே தங்கின. சாப்பாட்டைக் குறிக்கும் ஃபூட், மூட், மூன் குறுகவே இல்லை.

ஜெர்மனியில் இன்றும் 'ப்ளூட்' என்று நெடில்தான். வடக்கு இங்கிலாந்தில் போய்க் கேட்டால் ப்ளட் என்பதை 'ப்ளுட்' என்பார்கள், அங்கே அந்தக் கடைசி மாற்றம் போய்ச் சேரவில்லை. அந்தத் தங்கையிடம் இதையும் சொல்லுங்கள்: 'ரூம்' என்ற சொல்லை இங்கிலாந்திலேயே சிலர் நெடிலாகவும் சிலர் குறிலாகவும் சொல்கிறார்கள், இரண்டுமே சரி.